டிஎல்எல்லைத் திறந்து படிக்க ஐந்து வழிகள்: டாட்நெட் மெட்டாடேட்டாவுக்கு எதை எடுப்பது?

ஒரு ஃபோல்டரில் 400 டிஎல்எல், அதாவது கம்பைல் ஆன கோடு உள்ள கோப்புகள். சோர்ஸ் கோடு பாதிக்குத்தான் இருக்கிறது; மீதியை எழுதியவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. இவற்றில் எவையெல்லாம் அந்தப் பழைய லைப்ரரியின் பழைய பதிப்பை இன்னும் கேட்கின்றன? போன வெளியீட்டில் இருந்த எந்தப் பப்ளிக் மெத்தட் இந்த வெளியீட்டில் காணாமல் போயிருக்கிறது? எந்தெந்தக் கிளாஸின் மேல் குறிப்பிட்ட ஓர் அட்ரிபியூட் (கோடின் மேல் போடும் குறிப்புச் சீட்டு) ஒட்டியிருக்கிறது?

பதில்கள் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தில் கம்பைல் ஆன பிறகும் கிளாஸ் பெயர், மெத்தட் பெயர், பாராமீட்டர்கள், அட்ரிபியூட்கள், எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்ற விவரம் எல்லாம் மெட்டாடேட்டாவாகக் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. படிக்கும் வழிதான் ஒன்றுக்கு ஐந்தாக இருக்கிறது: சாதாரண ரிஃப்ளெக்ஷன், மெட்டாடேட்டாலோட்கான்டெக்ஸ்ட், சிஸ்டம்.ரிஃப்ளெக்ஷன்.மெட்டாடேட்டா, மோனோ.செசில், அப்புறம் 2002-இல் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 1.0 வந்த நாளிலிருந்தே இருக்கும் ஐமெட்டாடேட்டாஇம்போர்ட் என்ற காம் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய நேட்டிவ் இணைப்பு முறை) இடைமுகம்.

எதை எடுப்பது என்று திணறுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எது வேகம்?" என்றுதான். வேகத்தை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி என்ன என்பதைச் சொல்ல, ஒரு கோப்பைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

## கோப்புக்குள் கொஞ்ச தூரம்

டாட்நெட் அசெம்பிளி, அதாவது கம்பைல் ஆன டாட்நெட் கோப்பு, விண்டோஸ் நிரல் கோப்புகளின் பிஇ வடிவத்தில்தான் இருக்கும், லினக்ஸில் கம்பைல் செய்தாலும் அதே வடிவம்தான். பிஇ தலைப்பில் டேட்டா டைரக்டரி என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 15-வது இடம் டாட்நெட்டுக்கு உரியது. அந்த இடம் 72 பைட் நீளமுள்ள சிஎல்ஐ தலைப்பைக் காட்டும். அந்தத் தலைப்பு மெட்டாடேட்டா தொடங்கும் இடத்தைக் காட்டும். அங்கே முதல் நான்கு பைட் பி, எஸ், ஜே, பி என்ற எழுத்துகள். தொடக்க காலத்தில் இதை உருவாக்கிய பிரையன் ஹாரி, சூசன் ரட்கி-ஸ்ப்ரவுல், ஜேசன் ஜாண்டர், பில் எவன்ஸ் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகள் இவை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு டாட்நெட் அசெம்பிளியிலும் இந்த நால்வரும் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, ஹெக்ஸ் எடிட்டரில் இந்த நான்கு எழுத்தைக் கண்டால் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

அதற்கடுத்து ஐந்து ஓடைகள்: அட்டவணைகள், பெயர்கள், கோடில் எழுதிய சரங்கள், ஜியுஐடி எண்கள், பிளாப் எனப்படும் பைட் குவியல். இவற்றின் அமைப்பு முழுவதும் எக்மா-335 என்ற தரநிலையின் இரண்டாம் பகுதியில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஆறாம் பதிப்பு 2012-இல் வந்தது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் டோக்கன் என்று நான்கு பைட் எண் உண்டு. மேல் பைட் அட்டவணையின் எண், கீழ் மூன்று பைட் வரி எண். ஹெக்ஸில் 06000012 என்று இருந்தால், 06 என்பது மெத்தட் அட்டவணை, 12 என்பது ஹெக்ஸில் 18, அதாவது 18-வது மெத்தட். 02 என்று தொடங்கினால் இந்தக் கோப்பிலேயே எழுதப்பட்ட டைப். 01 என்று தொடங்கினால் வேறு எங்கோ இருக்கும் டைப்பைச் சுட்டும் பெயர் மட்டும். 23 என்றால் இந்தக் கோப்பு கேட்கும் வேறொரு அசெம்பிளி.

இந்த 01-க்கும் 02-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் உதாரணம் பாருங்கள். நீங்கள் ஓர் அட்ரிபியூட் கிளாஸ் எழுதி, அதன் தலையில் அட்ரிபியூட்யூசேஜ் போட்டு, கிளாஸ்களுக்கு மட்டும் என்று சொல்கிறீர்கள். அது பிளாப்பில் எட்டு பைட்டாகப் பதிவாகும்:

01 00 04 00 00 00 00 00

முதல் இரண்டும் தொடக்க அடையாளம். கடைசி இரண்டும் பெயரிட்ட ஆர்க்யுமென்ட் எதுவும் இல்லை என்பதைச் சொல்கின்றன. நடுவில் 04 00 00 00, அதாவது 4 என்ற எண். கிளாஸ் என்பதைக் குறிக்கும் எனம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்) மதிப்பு. ஆனால் நடுவில் நான்கு பைட் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்த எனம் ஒரு பைட் அகலமா, நான்கா, எட்டா என்பது இந்தக் கோப்பில் எங்குமே இல்லை. கன்ஸ்ட்ரக்டரின் சிக்னேச்சரில் "அட்ரிபியூட்டார்கெட்ஸ் என்ற டைப்" என்று ஒரு 01 டோக்கன் மட்டும் இருக்கும். அதைப் பின்தொடர்ந்தால் சிஸ்டம்.ரன்டைம் என்ற அசெம்பிளிக்குப் போகும். அதைத் திறந்தால் அங்கேயும் இருக்காது, "அந்த டைப் சிஸ்டம்.பிரைவேட்.கோர்லிப்பில் இருக்கிறது, அங்கே போ" என்ற முன்னனுப்புக் குறிப்பு மட்டும் இருக்கும். எட்டு பைட்டைப் படிக்க மூன்று கோப்புகள்!

ஆகவே முதல் கேள்வி இதுதான்: கோப்பின் எல்லைக்கு வந்து நிற்கும்போது, நீங்கள் தேர்ந்தெடுத்த வழி என்ன செய்கிறது? தானாகத் தாண்டிப் போகிறதா, உங்களிடம் வழி கேட்டுவிட்டுப் போகிறதா, அல்லது அங்கேயே நின்றுவிடுகிறதா?

## எடை போடும் அளவுகோல்கள்

எல்லையைப் பற்றிய கேள்விக்கு அடுத்து நான் பார்ப்பது, படிக்கப்படும் கோடு என் நிரலுக்குள் லோட் ஆகிறதா, ஓடவும் வாய்ப்பிருக்கிறதா என்பதை. தெரியாதவர்களிடமிருந்து வந்த டிஎல்எல் என்றால் இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். பிறகு, சார்ந்த கோப்புகளில் ஒன்றிரண்டு கிடைக்காவிட்டால் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பது. பிறகு, படிப்பதோடு சரியா, மாற்றி எழுதவும் வேண்டுமா என்பது. எந்த மொழியிலிருந்து, எந்த இயங்குதளத்தில் என்பது. கடைசியில் மெமரியும் நேரமும்.

## ரிஃப்ளெக்ஷன்: கேட்டதற்கு மேலேயே செய்யும்

எல்லோருக்கும் தெரிந்த வழி. அசெம்பிளி.லோட்ஃபிரம், கெட்டைப்ஸ், முடிந்தது. எல்லையைத் தானாகவே தாண்டும்: அடிப்படை கிளாஸ் வேறு கோப்பில் இருந்தால் ரன்டைம் (நிரலை ஓட்டும் டாட்நெட் பகுதி) அதைத் தேடி லோட் செய்துவிடும். எனம் எத்தனை பைட் என்ற கவலையே உங்களுக்கு வராது.

விலை என்னவென்றால், இது படிப்பது அல்ல, லோட் செய்வது. கெட்கஸ்டம்அட்ரிபியூட்ஸ் என்று கேட்ட மாத்திரத்தில் அந்த அட்ரிபியூட்டின் கன்ஸ்ட்ரக்டர் உங்கள் நிரலுக்குள் உண்மையாகவே ஓடும். விண்டோஸில் கோப்பு பூட்டிக்கொள்ளும். பில்ட் மறுபடி எழுத முயன்றால் முடியாது. 32 பிட்டுக்கு மட்டும் என்று கம்பைல் ஆன டிஎல்எல்லை 64 பிட் நிரலிலிருந்து தொட்டால் பேட்இமேஜ்ஃபார்மேட் பிழை. சார்ந்த கோப்பு ஒன்று குறைந்தாலும் கெட்டைப்ஸ் ரிஃப்ளெக்ஷன்டைப்லோட் பிழையை எறியும்; கிடைத்த டைப்கள் அந்தப் பிழைக்குள்ளேயே இருக்கும், கிடைக்காதவற்றின் இடத்தில் நல். அதைப் பிடித்து, நல்களை வடிகட்டி வேலையை ஓட்டுகிற கோடை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். ஓடும், ஆனால் விட்டுப்போன டைப் எது என்று அறிக்கையில் யாருக்கும் தெரியாது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் காலத்தில், ஒரே டிஎல்எல்லின் இரண்டு பில்டுகளை ஒப்பிட்டு, மாறிய மெத்தட்களைப் பட்டியலிடும் கருவி ஒன்றை எழுதினேன். இரண்டு ஃபோல்டர், இரண்டு லோட்ஃபிரம். "மாற்றம் எதுவும் இல்லை" என்றது அறிக்கை. அதை நம்பி அனுப்பிவிட்டேன். உண்மையில் இரண்டு மெத்தட்கள் நீக்கப்பட்டிருந்தன. பில்ட் செய்தவர்கள் பதிப்பு எண்ணை உயர்த்தவில்லை. ஒரே அடையாளம் உள்ள அசெம்பிளி ஏற்கெனவே லோட் ஆகியிருந்தால், வேறு பாதையைக் கொடுத்தாலும் லோட்ஃபிரம் பழையதையே திருப்பித் தரும். முதல் கோப்பை முதல் கோப்போடேயே ஒப்பிட்டிருக்கிறேன். இது லோட்ஃபிரமின் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கும் நடத்தைதான். ரன்டைமைப் பொறுத்தவரை அது சரியான வேலை. படிக்க வேண்டிய இடத்தில் நான் லோட் செய்தேன், அதுதான் பிழை. அன்றிலிருந்து எந்தக் கருவி எழுதினாலும் மாட்யூல் அட்டவணையில் உள்ள எம்விஐடி என்ற ஜியுஐடியை முதலில் எடுத்து அறிக்கையில் அச்சிடுகிறேன். பில்ட் மாறினால் அது மாறும். பதிப்பு எண் பொய் சொன்னாலும் எம்விஐடி காட்டிக்கொடுத்துவிடும்.

ரிஃப்ளெக்ஷன் சரியாகப் பொருந்துவது, அந்த அசெம்பிளியை நீங்கள் எப்படியும் ஓட்டப்போகிறீர்கள் என்றால். பிளக்இன் அமைப்பு, டெஸ்ட் ஓட்டி, டிபென்டென்சி இன்ஜெக்ஷன் இவையெல்லாம் அந்த வகை. அங்கே வேறு எதையும் தேட வேண்டாம்.

## மெட்டாடேட்டாலோட்கான்டெக்ஸ்ட்: அதே முகம், ஓடாத உடல்

டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் ரிஃப்ளெக்ஷன்ஒன்லிலோட் என்று ஒன்று இருந்தது. டாட்நெட் கோரில் அது இல்லை. அந்த இடத்தை நிரப்ப 2019-இல் டாட்நெட் கோர் 3.0 காலத்தில் வந்தது இது. வெளியே டைப், மெத்தட்இன்ஃபோ என்று பழகிய முகம். உள்ளே எதையும் லோட் செய்யாமல், சிஸ்டம்.ரிஃப்ளெக்ஷன்.மெட்டாடேட்டா வழியாகக் கோப்பை மட்டும் படிக்கிறது. கோடு ஓடாது. 32 பிட், 64 பிட் பிரச்சினை இல்லை.

எல்லையில் இது உங்களிடம் வழி கேட்கும். சார்ந்த அசெம்பிளிகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அதில் அடிப்படை அசெம்பிளியும் இருந்தாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். உங்கள் கருவி ஓடும் டாட்நெட்டின் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு, வேறு டாட்நெட்டுக்காகக் கம்பைல் ஆன டிஎல்எல்லைப் படித்தால், இல்லாத டைப் இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் தெரியும்.

மறைந்திருக்கும் இன்னொரு விலை, பழகிய முகம் என்பதாலேயே வருகிறது. இங்கிருந்து வரும் ஸ்ட்ரிங் டைப்பும் உங்கள் கோடில் டைப்ஆஃப் போட்டு எடுக்கும் ஸ்ட்ரிங் டைப்பும் ஒன்றல்ல. சமமா என்று கேட்டால் எப்போதும் இல்லை என்றே வரும். பிழை எதுவும் எழாது, பட்டியல் மட்டும் காலியாக இருக்கும். பெயரை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அட்ரிபியூட்டையும் கெட்கஸ்டம்அட்ரிபியூட்ஸ்டேட்டா வழியாகத்தான் கேட்க முடியும். ஏற்கெனவே ரிஃப்ளெக்ஷனில் எழுதிய பெரிய கருவி உங்களிடம் இருந்து, அதைக் குறைந்த மாற்றத்தோடு பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

## சிஸ்டம்.ரிஃப்ளெக்ஷன்.மெட்டாடேட்டா: எல்லையில் நின்றுவிடும்

என் கை முதலில் போவது இதற்குத்தான். சி ஷார்ப்பின் ரோஸ்லின் கம்பைலர் ரெஃபரன்ஸ்களைப் படிப்பது இதை வைத்து. டிஎல்எல்லை மறுபடி சோர்ஸ் கோடாகக் காட்டும் ஐஎல்ஸ்பை முன்பு மோனோ.செசிலில் இருந்தது, 4.0-இல் இதற்கு மாறியது. பிஇரீடர் கோப்பைத் திறக்கும், மெட்டாடேட்டாரீடர் அட்டவணைகளைக் காட்டும். ஒவ்வொரு வரியும் ஒரு ஹேண்டில், ஒவ்வொரு ஹேண்டிலும் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட். பெயரைக்கூட நீங்கள் கெட்ஸ்ட்ரிங் என்று கேட்டால்தான் ஸ்ட்ரிங்காக மாற்றும். ஒப்பிட மட்டும் வேண்டுமென்றால் ஸ்ட்ரிங்கம்பேரர் இருக்கிறது, அது பைட் நிலையிலேயே ஒப்பிட்டுவிடும். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் பார்க்கும்போது மெமரி அசையாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

எல்லையை இது தாண்டவே தாண்டாது. வேறு அசெம்பிளி என்ற கருத்தே இதற்கு இல்லை, அதன் பெயர் மட்டும் தெரியும். குறையாகத் தோன்றும் இதை நான் பெரிய பலமாகப் பார்க்கிறேன். சார்ந்த கோப்பு ஒன்றுகூட இல்லாமல், தனியாக ஒரு டிஎல்எல்லைக் கையில் கொடுத்தாலும் அதில் உள்ளதை முழுமையாகச் சொல்லும். எதையும் யூகிக்காது.

அந்த நேர்மைக்கு உழைப்பைக் கூலியாகக் கொடுக்க வேண்டும். "இந்தக் கிளாஸில் அப்சலீட் அட்ரிபியூட் இருக்கிறதா?" என்ற ஒரு வரிக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டம்அட்ரிபியூட் வரியில் அட்ரிபியூட்டின் பெயர் இருக்காது. கன்ஸ்ட்ரக்டரின் ஹேண்டில்தான் இருக்கும். அது இந்தக் கோப்பிலேயே உள்ள மெத்தடாகவும் இருக்கலாம், வெளியே உள்ள மெம்பருக்கான குறிப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் அதன் பெற்றோரைக் கேட்க வேண்டும். பெற்றோர் 01 அட்டவணையில் ஒரு வரி. அங்கே போனால்தான் பெயரும் நேம்ஸ்பேஸும். சி ஷார்ப் 11-இல் ஜெனரிக் அட்ரிபியூட் வந்த பிறகு பெற்றோர் டைப்ஸ்பெக்காகவும் இருக்கலாம், அதைக் கையாளாத பழைய கருவிகள் அங்கே விழும். இவ்வளவு சுற்றிய பிறகு ஆர்க்யுமென்ட் மதிப்பையும் படிக்க வேண்டுமென்றால், மேலே சொன்ன எனம் கேள்வியை அது உங்களிடமே திருப்பிக் கேட்கும்: ஐகஸ்டம்அட்ரிபியூட்டைப்புரொவைடர் என்ற இடைமுகத்தை நீங்கள் எழுதித் தர வேண்டும், அதில் "இந்த எனத்தின் அடிப்படை டைப் என்ன?" என்று ஒரு மெத்தட். பலர் கண்ணை மூடிக்கொண்டு இன்ட்32 என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் சரியாக வரும். பைட் அகல எனம் ஒன்று வரும் நாளில், அதற்குப் பின்னால் உள்ள எல்லா மதிப்பும் இடம் தவறிப்போகும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. உள்ளே அடங்கிய கிளாஸின் நேம்ஸ்பேஸ் காலியாக இருக்கும், வெளிக் கிளாஸிடம் போய்க் கேட்க வேண்டும். பிராப்பர்ட்டிக்குப் பப்ளிக், பிரைவேட் என்று எதுவும் கிடையாது, அதன் கெட், செட் மெத்தட்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிஇரீடரை டிஸ்போஸ் செய்த பிறகு மெட்டாடேட்டாரீடரைத் தொட்டால், அது விடுவிக்கப்பட்ட மெமரியைப் படிக்கும். நல்ல பிழைச்செய்தி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நிரலே விழலாம். கோப்பைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டுமென்றால், திறக்கும்போதே மெட்டாடேட்டாவை முன்கூட்டிப் படித்துக்கொள்ளும் விருப்பத்தைக் கொடுங்கள்.

## மோனோ.செசில்: மாற்றி எழுதவும் வேண்டுமென்றால்

ஜே.பி. எவென் தொடங்கிய இந்த லைப்ரரி ஒரு முழு ஆப்ஜெக்ட் மாதிரியைத் தரும். டைப்டெஃபினிஷனைக் கேட்டால் மெத்தட்கள், மெத்தடைக் கேட்டால் உடலில் உள்ள ஐஎல் (கம்பைலர் தரும் இடைநிலை மொழி) கட்டளைகள், கட்டளையைக் கேட்டால் அது அழைக்கும் மெத்தட். முன்னே செருகலாம், பின்னே நீக்கலாம், சேமிக்கலாம். கோடைச் செருகும் ஃபோடி, டெஸ்ட் கவரேஜ் அளக்கும் கவர்லெட், டாட்நெட்டின் தேவையற்ற கோடை வெட்டும் ஐஎல்லிங்க் ஆகியவை இதன் மேல் நிற்கின்றன. எம்ஐடி உரிமம்.

எல்லையில், நீங்கள் ரிசால்வ் என்று கேட்கும்போதுதான் தாண்டும். தாண்டுவதற்குத் தேடும் இடம்தான் பொறி. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இப்போதைய ஃபோல்டரிலும் அதற்குள் உள்ள பின் ஃபோல்டரிலும் தேடத் தொடங்கும். இப்போதைய ஃபோல்டர் என்பது டிஎல்எல் இருக்கும் இடமல்ல, உங்கள் நிரலை எங்கிருந்து ஓட்டினீர்களோ அந்த இடம். உங்கள் மெஷினில் ஓடிய கருவி பில்ட் சர்வரில் அசெம்பிளிரிசல்யூஷன் பிழையோடு நின்றால், முதலில் இதைப் பாருங்கள். தேடு ஃபோல்டர்களை நீங்களே சேர்த்துவிடுவது நல்லது.

ஸ்ட்ராங் நேம் கையெழுத்து உள்ள அசெம்பிளியை மாற்றி எழுதினால் மறுபடி கையெழுத்திட வேண்டும். டீபக் விவரம் உள்ள பிடிபி கோப்பைக் கூடவே படித்துக் கூடவே எழுதச் சொல்லாவிட்டால் டீபக் செய்யும்போது வரி எண்கள் பொருந்தாது. ஆப்ஜெக்ட் மாதிரி என்பதால் மெமரியும் கூடுதலாகவே எடுக்கும். ஒரு கோப்புக்கு அது பொருட்டல்ல, ஆயிரத்துக்குப் பொருட்டு.

பெயர்களைக் குழப்பி, அட்டவணைகளை வேண்டுமென்றே உடைத்து வைத்திருக்கும் கோப்புகளை ஆராய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: செசிலை விட்டுவிட்டு டிஎன்லிப் என்ற லைப்ரரியின் பக்கம் போங்கள். டிஎன்ஸ்பை டீகம்பைலர் அதன் மேல்தான் கட்டப்பட்டது, உடைந்த கோப்பைத் தாங்கும் பக்குவம் அதற்கு உண்டு.

## ஐமெட்டாடேட்டாஇம்போர்ட்: ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு உள்ளிருந்து

பெயர் கேட்டாலே பலரும் ஒதுங்குவது இதிலிருந்துதான். சி++, காம், எண்ணிக்கைக்கும் பஃபருக்கும் தனித்தனிப் பாயின்டர்கள். டிஸ்பென்சரிடம் ஓப்பன்ஸ்கோப் கேட்டு இடைமுகத்தை வாங்க வேண்டும். ஈனம்டைப்டெஃப்ஸுக்கு ஒரு காலி ஹேண்டிலும் ஒரு அரேயும் கொடுத்தால் டோக்கன்களை நிரப்பித் தரும். தீரும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும், முடிந்ததும் குளோஸ்ஈனம் மறக்கக் கூடாது. பெயர் எவ்வளவு நீளம் என்று தெரியாவிட்டால் ஒருமுறை நீளத்துக்கும் ஒருமுறை பெயருக்குமாக இருமுறை கேட்க வேண்டும். டோக்கனை டோக்கனாகவே கையில் தருவதால் எக்மா-335 படிக்காமல் இதில் நகர முடியாது. எல்லையைத் தாண்டும் பொறுப்பும் உங்களுடையதே.

கோப்பைப் படிக்க மட்டும் என்றால் இன்று இதை எடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் புரொஃபைலரோ (ஓடும் நிரலை அளக்கும் கருவி) டீபக்கரோ எழுதுகிறீர்கள் என்றால் கதை வேறு. புரொஃபைலர் என்பது ரன்டைமுக்குள் நேட்டிவ் கோடாக உட்கார்ந்திருக்கும். அதற்குள் டாட்நெட் லைப்ரரி எதையும் ஓட்ட முடியாது. ஒரு மெத்தட் ஜிட் ஆகப்போகிறது (ஓடும் நேரத்தில் இயந்திரக் கோடாக மாறப்போகிறது) என்று ரன்டைம் அழைத்துச் சொல்லும்போது கையில் கிடைப்பது ஒரு ஃபங்ஷன்ஐடி, அதைக் கொடுத்து கெட்ஃபங்ஷன்இன்ஃபோவைக் கேட்டால் கிடைப்பது ஒரு டோக்கன். அதன் பெயரைக் கேட்க, கெட்மாட்யூல்மெட்டாடேட்டா வழியாக வரும் இந்த இடைமுகம்தான் வாசல். ரன்டைம் ஓடும்போதே உருவாக்கிய மாட்யூல்களுக்கு வட்டில் கோப்பே கிடையாது. அவற்றின் மெட்டாடேட்டா இங்கே மட்டும்தான் தெரியும். உடன்பிறப்பான ஐமெட்டாடேட்டாஎமிட் வழியாகப் புது டோக்கன் சேர்த்து, மெத்தடின் ஐஎல்லையே மாற்றவும் முடியும். கோடைத் தொடாமலேயே ஒவ்வொரு அழைப்பும் எடுக்கும் நேரத்தை அளக்கும் கருவிகள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

லினக்ஸுக்கு நகர்த்துகிறவர்களைக் காத்திருக்கும் பள்ளம் ஒன்று. இந்த இடைமுகம் பெயர்களை யுடிஎஃப்-16 ஆகத் தருகிறது, ஓர் அலகு 2 பைட். விண்டோஸில் சி++ இன் அகல எழுத்தும் 2 பைட், அதனால் யாரும் யோசிப்பதில்லை. லினக்ஸில் அது 4 பைட். கம்பைல் பிழைகளைக் காஸ்ட் போட்டு வாயடைத்துவிட்டால், பெயர்கள் எல்லாம் குப்பையாக வரும். முதல் நாளிலேயே 2 பைட் எழுத்து வகையை எல்லா இடத்திலும் பயன்படுத்திவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | எல்லையில் | கோடு ஓடுமா | எழுத முடியுமா | எப்போது |
|---|---|---|---|---|
| ரிஃப்ளெக்ஷன் | தானாகத் தாண்டி லோட் செய்யும் | ஓடலாம் | முடியாது | எப்படியும் ஓட்டப்போகும் அசெம்பிளி |
| மெட்டாடேட்டாலோட்கான்டெக்ஸ்ட் | நீங்கள் தந்த பட்டியலில் தேடும் | ஓடாது | முடியாது | பழைய ரிஃப்ளெக்ஷன் கருவியை நகர்த்த |
| சிஸ்டம்.ரிஃப்ளெக்ஷன்.மெட்டாடேட்டா | நின்றுவிடும் | ஓடாது | புதிதாக உருவாக்கலாம். இருப்பதைத் திருத்துவது கடினம் | நிறைய கோப்புகள், தனித்த கோப்புகள் |
| மோனோ.செசில் | ரிசால்வ் கேட்டால் தாண்டும் | ஓடாது | முடியும் | ஐஎல் மாற்றம் |
| ஐமெட்டாடேட்டாஇம்போர்ட் | பொறுப்பு உங்களுடையது | புரொஃபைலரில், ஓடும் நிரலுக்குள்ளேயே இருப்பீர்கள் | எமிட் வழியாக முடியும் | புரொஃபைலர், டீபக்கர் |

## எந்த வழியும் உதவாத இடங்கள்

நேரம் செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். நேட்டிவ் ஏஓடி (முன்கூட்டியே இயந்திரக் கோடாக மாற்றும் முறை) வழியாக வெளியிட்ட நிரலில் பி-எஸ்-ஜே-பி இருக்காது. அது முழு நேட்டிவ் கோப்பு. யூனிட்டியில் ஐஎல்2சிபிபி போட்டால் மெட்டாடேட்டா வேறொரு வடிவத்தில் தனிக்கோப்பாகப் போய்விடும். ஒற்றைக் கோப்பாக வெளியிட்ட நிரலில் அசெம்பிளிகள் உள்ளே பொதியாகக் கிடக்கும். முதலில் பிரித்தெடுக்க வேண்டும், ஐஎல்ஸ்பை அதைத் திறந்து காட்டும். டாட்நெட் 8 முதல் பிளேசர் வெப்அசெம்பிளி நிரல்கள் டிஎல்எல்லுக்குப் பதில் வெப்சில் வடிவத்தில் போகின்றன. பிஇ தலைப்பே இல்லாததால் பிஇரீடருக்கு அது புரியாது. ரெடிடுரன் கோப்பு என்றால் மட்டும் பயப்பட வேண்டாம், நேட்டிவ் கோடோடு மெட்டாடேட்டாவும் முழுதாக இருக்கும்.

மெட்டாடேட்டா இருந்தாலும் மொழியின் எல்லா விவரமும் அட்டவணையில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சி ஷார்ப்பில் நல் ஆகலாமா என்ற குறிப்பும் டியூப்பிள் உறுப்புகளின் பெயரும் அட்ரிபியூட்களாகத்தான் இருக்கின்றன. எஃப் ஷார்ப் தன் டைப் விவரத்தில் பெரும்பகுதியை ரிசோர்ஸாகப் பொதித்து வைக்கிறது. அதை எஃப் ஷார்ப்பின் சொந்தக் கருவிகள்தான் புரிந்துகொள்ளும்.

## அந்த 400 டிஎல்எல்

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். பழைய பதிப்பை யார் கேட்கிறார்கள் என்பது எல்லையைத் தாண்டாத கேள்வி: ஒவ்வொரு கோப்பிலும் ஹெக்ஸ் 23-ஆம் அட்டவணையைப் பார்த்தால் போதும், பெயரும் பதிப்பு எண்ணும் அங்கேயே இருக்கும். ஆகவே சிஸ்டம்.ரிஃப்ளெக்ஷன்.மெட்டாடேட்டா. காணாமல் போன பப்ளிக் மெத்தட் என்பதும் அப்படியே, சிக்னேச்சர்களை எழுத்தாக மாற்றி ஒப்பிடலாம். ஆனால் "இந்த இன்டர்ஃபேஸை நேரடியாகவோ, மேலே உள்ள ஏதோ ஒரு கிளாஸ் வழியாகவோ செயல்படுத்தும் எல்லாக் கிளாஸும் வேண்டும்" என்று கேள்வி மாறினால், பரம்பரை கோப்புகளைத் தாண்டிப் போகும். அப்போது மெட்டாடேட்டாலோட்கான்டெக்ஸ்ட்டுக்கு மாறிவிடுவேன். தாண்டும் வேலையை நானே எழுதினால் முன்னனுப்புக் குறிப்புகளில் மாட்டிக்கொள்வேன்.

எழுதும்போது முதல் நிபந்தனையாக பிஇரீடரின் ஹேஸ்மெட்டாடேட்டாவைச் சோதியுங்கள். 400-இல் சில சி++ டிஎல்எல்லாக இருக்கும், அவற்றை அங்கேயே விட்டுவிடலாம். இரண்டாவதாக எம்விஐடியை எடுத்து, ஒரே எம்விஐடி வேறு ஃபோல்டரிலும் வருகிறதா என்று பாருங்கள். பெரிய ஃபோல்டர்களில் ஒரே டிஎல்எல் பல இடத்தில் நகலாகக் கிடப்பது சகஜம். நகல்களை ஒருமுறை மட்டும் படித்தால் போதும், அறிக்கையும் படிக்கிற மாதிரி இருக்கும்.